உசுரு சீட்

விமானத்தில் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் முதல் இருக்கையைத்தான் பார்ப்பார்கள். பெட்டியை வைக்க இடம் தேடுவது, ஜன்னலோரம் கிடைத்ததா என்று கவலைப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை விமானத்தில், அந்த இருக்கையில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“பைலட்டுக்கு அப்பாவா?” என்று செல்டாவுக்கு முன்னால் போனவர் பணிப்பெண்ணிடம் விசாரித்தார்.

“மாமனார், சார்.”

“மாமனாரா? அப்ப கொஞ்சம் யோசிச்சுத்தான் ஏறணும் போலுக்கே.”

“மானி வச்சுப் பாத்துத்தான் சார் உக்கார வச்சிருக்காங்க. தைரியமா ஏறுங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்டாவும் சிரித்தாள். அவள் கணவன் ஆல்வினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த மாதத்திலிருந்து அந்த இடத்தில் உட்காரப்போவது அவன்தான்.

சட்டத்தில் அதற்குப் பெயர் பிணை இருக்கை. சனங்கள் வாயில் அது உசுரு சீட். விமானத்தை ஓட்டுவதென்னவோ தன்னோட்டி இயந்திரம்தான். அது தூங்காது, குடிக்காது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வராது. ஆனால் அதற்குச் சாவும் கிடையாது. அடுத்தடுத்துச் சில விமானங்கள் விழுந்தபோதுதான் இது எல்லாருக்கும் உறைத்தது. விழுந்தால் தனக்கு எதுவும் போகாத ஒன்றை நம்பி எப்படி ஏறுவது என்று கேட்டார்கள். சரி என்று மனிதர்களை மறுபடி முன்னால் உட்கார வைத்தார்கள். வேலை இல்லாததால் அவர்கள் தூங்கினார்கள். கடைசியில், கிளம்புவதையும் இறங்குவதையும் மனிதக் கைதான் செய்ய வேண்டும், அந்தக் கைக்கு உரியவருக்கு மிக வேண்டிய உயிர் ஒன்று பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த சூட்டோடு நம் ஆட்கள் வாடகைக்குச் சித்தப்பாக்களைப் பிடித்தார்கள். பின்னால் இருப்பவர் நிஜமாகவே வேண்டியவர்தானா என்று அளக்க, அதன் பிறகு வந்ததுதான் பிணைப்புமானி.

விமானியாக இருந்த செல்டா பறப்பதை விட்டது மகள் ஜெனோவா வயிற்றில் இருந்தபோது. ஒரு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் விபத்துகள், சட்டங்கள், மூடிய கம்பெனிகள் என்று காலம் ஓடிவிட்டது. ஜெனோவா இப்போது நாலாம் வகுப்பு. இத்தனை வருடமும் செல்டா பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் பாதிக் கணக்கில் நின்றுவிடுவாள். அது தேய்ந்து மறையும்வரை அவளுக்கு ஒன்றும் ஓடாது. உள்ளூர்த் தடங்களில் பறக்க நெய்தல் ஏர்வேஸ் ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பித்தாள். உரிமத்தைப் புதுப்பித்தாள். மருத்துவச் சோதனை, எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினாள். மீதி இருந்தது மானிச் சோதனைதான்.

“பாப்பாவ உக்கார வைக்க மாட்டேன்” என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“அவளை யாரு கேட்டா? நான் எதுக்கு இருக்கேன்?” என்றான் ஆல்வின். துறைமுகத்தில் கிரேன் ஏறும் வேலையைக் கொடுத்தபோது, தலை சுற்றும் என்று மறுத்துவிட்டு அலுவலகத்திலேயே இருந்துகொண்டவன் அவன். அன்று விமானத்தில் சென்னை வந்து சேரும்வரை அவன் இருக்கையின் கைப்பிடியை விடவே இல்லை.

சோதனை கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் நடந்தது. கேப்டன் தனுக்கோடி பழைய காலத்து விமானி. தலை முழுக்க நரைத்தவர், மரியாதையானவர். ஒரே தரையிறக்கத்தைப் போலி விமானத்தில் இரண்டு முறை செய்ய வேண்டும் என்று விளக்கினார். இரண்டு முறையும் அதே மழை, அதே குறுக்குக் காற்று. முதல் முறை பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாம் முறை ஆல்வின் இருப்பான், அவன் முகம் திரையின் ஓரத்தில் தெரியும். கையின் அழுத்தம், நாடி, கண்பாவை எல்லாவற்றையும் மானி பதிந்துகொள்ளும்.

விமானம் ஓட்டும் பிடியைத் தொட்டதும் செல்டாவுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அந்தக் கனத்தைக் கை மறக்கவில்லை. மழை கண்ணாடியில் அறைந்தது. காற்று இடப்பக்கம் தள்ளியது. மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்துக்கொண்டு இறங்கினாள், கடைசி நொடியில் நேராக்கி, சக்கரங்களைத் தரையில் வைத்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. இறங்கி வெளியே வந்தபோது அவள் முகம் இருபது வயதுக்காரியின் முகமாக இருந்தது.

தனுக்கோடி திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து போனது.

“ரெண்டு தடவை இறக்குனாளே, இன்னொரு கோடு எங்க சார்?” என்று கேட்டான் ஆல்வின்.

“ரெண்டும் இருக்கு சார். ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.”

“அப்ப நல்லதுதான? ரெண்டு தடவையும் ஒழுங்கா இறக்கியிருக்கா.”

தனுக்கோடி செல்டாவைப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமான லேண்டிங் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. பழைய காலமா இருந்தா இன்னைக்கே யூனிஃபார்ம் குடுத்திருப்பேன். ஆனா மானி பாக்கறது லேண்டிங்கை இல்ல. பின்னால இவர் உக்காந்தா உங்களுக்குள்ள என்ன மாறுதுன்னு பாக்குது. எதுவும் மாறல.”

“காலியா இருந்தாலும் நான் அப்படித்தான் சார் இறக்குவேன். அப்படித்தான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.”

“எனக்குப் புரியுதும்மா. டிக்கெட் எடுக்கறவனுக்குப் புரியாதே.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வீட்ல பிள்ளை இருக்கில்ல? ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. பிள்ளைன்னா கோடு பிரிஞ்சிடும். சாதாரணமா.”

ஆல்வின் அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டி நடந்தான். பிறகு, “நான் பின்னால பயத்துல செத்துக்கிட்டு கிடந்தேன், புள்ள” என்றான்.

“அது போலி விமானம்ங்க.”

“தெரியும். தெரிஞ்சும் பயந்தேன். நீயும் எனக்காவ ஒரு பொட்டு பயந்திருப்பன்னு நினைச்சேன்.”

பயிற்சி அப்படி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனும் நம்பியிருப்பான். ஆனால் உண்மை செல்டாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த மழைக்குள் ஆல்வின் என்று ஒருவன் இருப்பதே அவள் நினைவில் இல்லை. திரையின் ஓரத்தில் இருந்த முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இன்று மட்டுமல்ல, அந்தக் காலத்திலும் அப்படித்தான். மேலே போய்விட்டால் அவள் யாருக்கும் மகளில்லை, மனைவியில்லை. இத்தனை வருடம் அவள் ஏங்கியது வானத்துக்காக என்று நினைத்திருந்தாள். யாருமே வேண்டியிராத அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஏங்கியிருக்கிறாள். கருமம் பிடித்த இயந்திரம் அதைக் கோடு போட்டுக் காட்டிவிட்டது.

மறுநாள் காலை வீட்டில் ஜெனோவா பள்ளிச் சீருடையில் தோசை தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கை கழுவக்கூட எழாமல் சொன்னாள்:

“அப்பாவுக்குக் கோடு வரலன்னா என்னம்மா? நான் உக்காருதேன். எனக்கு நெறைய வரும்.”

போலி விமானத்தின் அந்தச் சின்ன அறையும், திரையின் ஓரத்தில் இந்த முகமும் செல்டாவின் கண்முன் வந்தன. தனுக்கோடி திரையைத் திருப்புகிறார். அதில் மறுபடியும் ஒரே கோடு. பிள்ளை எட்டிப் பார்த்து, இன்னொண்ணு எங்கம்மா என்று கேட்கிறாள்.

பிள்ளைக்கும் கோடு பிரியாமல் போகலாம். சாதாரணமாகப் பிரியும் என்றுதானே அவர் சொன்னார், கட்டாயம் பிரியும் என்று சொல்லவில்லையே.

“நீ வரக் கூடாது!” என்று கத்தினாள். “இனிமே இந்தப் பேச்சை எடுத்தா தெரியும்.”

ஜெனோவா பயந்து அப்பாவைப் பார்த்தாள். ஆல்வின் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். ராத்திரி முழுவதும் இறுகிக் கிடந்த அவன் முகம் மெல்ல இளகியது. மகளின் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்தான். தனக்கில்லாதது பிள்ளைக்காவது இருக்கிறதே என்ற நிறைவு அந்தப் பார்வையில் இருந்தது.

“அம்மாவுக்கு உன் உசுருன்னா அம்புட்டு இதுடா. உன்னை அங்க உக்கார வச்சுட்டு அவளால பறக்க முடியாது. அதான் கோவம்.”

அன்றே செல்டா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். காரணம் கேட்ட இடத்தில் ‘மகளின் பாதுகாப்பு’ என்று எழுதினாள். கம்பெனியிலிருந்து தனுக்கோடியே கூப்பிட்டு, தாய் மனம் அப்படித்தான், வருத்தப்படாதீர்கள் என்றார்.

ஜெனோவா இதைப் பள்ளியில் சொன்னாள். தெருவில் சொன்னாள். எனக்காக எங்கம்மா பிளேன் ஓட்டுறதையே விட்டுட்டாங்க என்று, கணக்கு படிக்க வரும் பிள்ளைகளிடமெல்லாம் இன்றும் சொல்கிறாள். அவர்களின் அம்மாக்கள் செல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார்கள். செல்டா எதையும் மறுத்துப் பேசுவதில்லை.