ஹெல்மெட் மாட்டிய ஆணி

திவ்யா குனிந்து டீ டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். இரண்டு திவ்யா, இரண்டு டம்ளர். அதில் அம்சாவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, நாலு மாசமாக அவள் பார்ப்பதெல்லாமே இரண்டுதான். ஆனால் இன்றைக்கு, மகள் நிமிர்ந்து கதவுப் பக்கம் போன பிறகும், இடது பக்கத்தில் தெரிந்த திவ்யா இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

தலையில் பட்ட அடி செய்கிற வேலை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். "ரெண்டா தெரிஞ்சா இடது கண்ணை மூடிக்குங்கம்மா. பொய்யானது போயிடும். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் ஒண்ணாயிடும்." அதனால் திவ்யா அம்மாவின் கண்ணாடியில் இடது பக்கத்தை வெள்ளை டேப்பால் ஒட்டி வைத்திருந்தாள். அம்சாதான் அடிக்கடி கண்ணாடியைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வாள், இப்போதும் அப்படித்தான்.

வெளிச்சம் ஆகாது என்பதால் பட்டப்பகலிலும் ஜன்னலில் போர்வை தொங்கியது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடும் ரயிலின் ஊதலும் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போகாமல் மண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து அடங்க அரை மணி நேரமாகும். மூக்கு அடியோடு செத்துப்போயிருந்தது. போன வாரம் குழம்பு கருகி வீடெல்லாம் புகை சூழ்ந்தும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வாசனை மட்டும் மிச்சம். கதவோரத்து ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டிலிருந்து வரும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. அவள் புருஷன் தீனதயாளனுடைய வாசனை.

நாலு மாசத்துக்கு முன்னால், மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஹெல்மெட் தலைக்கா, போலீசுக்குத்தானே! திருக்கழுக்குன்றம் வளைவில் நின்ற போலீசைத் தாண்டியதும் அவர் அதைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"புடி. வேர்க்குது."

அம்சாவுக்கு ஒரு கையில் தாம்பூலப் பை, ஒரு கை அவர் தோளில். எங்கே வைப்பது? தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் எருமை குறுக்கே வந்தது.

பிடி என்றுதானே சொன்னார், போட்டுக்கொள் என்று சொல்லவில்லையே. அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோதே அவரை எரித்துவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்கள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றபோது அம்சா அழாமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் யார் தலையில் இருந்தது என்று மகளிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.

"இன்னாம்மா அங்கியே பாத்துகினு கீற?" திவ்யா கதவருகே நின்று செருப்பை மாட்டினாள். "கண்ணாடியப் போட்டுக்க, டேப்பை எடுக்காத. நீ சரியானாதாம்மா நான் திரும்ப காலேஜுக்குப் போவ முடியும். எனக்கு வேற யாரு கீறாங்க?"

"எடுக்கலடி. போய்ட்டு வா."

அம்சா மனசாரத்தான் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. குனிந்திருந்த அந்த இன்னொன்று அப்போதுதான் நிமிர்ந்தது. முதுகு அகலமாக இருந்தது. சுடிதார் இல்லை. நீலச் சட்டை, கம்பெனி யூனிஃபார்ம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து இருபது வருஷம் பார்த்த முதுகு.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இடது கண்ணை மூட மனசு வரவில்லை. குணமானால் இவர் போய்விடுவார். பாவி மனசுக்கு அது தாங்கவில்லை. மடியில் கிடந்த கண்ணாடியை எடுத்தாள். இடது பக்கத்து டேப்பை உரித்து, வலது பக்கம் ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவர் மட்டும் தெளிவாகத் தெரிந்தார். கதவைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு. எண்ணெய் வாசனை அறை முழுக்க ஏறியது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது, டீயில் ஆடை படிந்திருந்தது.

தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிடும் சத்தம். பையைத் தரையில் வைக்கும் சத்தம்.

யாருமில்லை.

"அம்மா? டேப்பை இன்னா பண்ண?"

குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே வெறும் சுவர்.

"திவ்யா, எங்கடி கீற?"

"இங்கதாம்மா. உன் எதிர்லதான் கீறேன்."

அம்சா டேப்பைப் பிய்த்தெறிந்தாள். கண்ணாடியையும். இரண்டு கண்ணையும் அகலத் திறந்தாள்.

ஒரு ஸ்டூல். ஒரு டம்ளர். ஒரு ஆணி. ஆணியில் ஒன்றுமில்லை.

டாக்டர் சொன்னபடியே எல்லாம் ஒன்றாகிவிட்டது. நாலு மாசத்தில் முதல் தடவையாக. திவ்யாவை மட்டும் காணோம்.

இரண்டு சூடான கைகள் அவள் கன்னத்தைப் பற்றின. "என்னைப் பாரும்மா. அங்க பாக்காத, என்னைப் பாரு." மகளின் மூச்சு அவள் மூக்கில் பட்டது. அந்த இடத்தில் வெறும் காற்று. காற்றுக்கு அப்பால், நீல முதுகு.

திரும்பிப் பார்க்காமலே அது கையைப் பின்னால் நீட்டியது. கையில் ஹெல்மெட்.

நாலு மாசமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை வாயில் வந்தது. "வேணாம்யா. நீயே போட்டுக்க."

நீட்டிய கை அப்படியே நின்றது.

கன்னத்தில் இருந்த கைகள் இறுகின. "யார்கிட்டம்மா பேசுற?"

அவள் பார்க்காமல் விட்ட முகம். மெதுவாக, கழுத்து மட்டும், இவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. எந்தக் கண்ணை மூடுவதென்று அம்சாவுக்குத் தெரியவில்லை.