எழுநூற்று எண்பது கிராம்

சமையலறைத் தராசு ஆயிரத்து இருநூற்று அறுபது காட்டியது. மோர்வென் பையை எடுத்துவிட்டு, தராசை அணைத்துப் போட்டு, மறுபடி வைத்தாள். ஆயிரத்து இருநூற்று அறுபது.

முந்தைய நாள் மாலை இதே தராசில் அது எழுநூற்று எண்பது கிராம் இருந்தது. டென்டுக்குப் பதிலாக ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய பிவ்வி பை. தலைப்பக்கம் வளைந்த கம்பி ஒன்று. மற்றபடி தூங்கும் பையைச் சுற்றி ஒரு மெல்லிய பச்சை உறை, அவ்வளவுதான். புதிதாக எது வாங்கினாலும் மலைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டின் பின்புறப் புல்லில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பது வழக்கம். அவளும் படுத்துப் பார்த்தாள். மழை பெய்யவில்லை. பையின் வெளிப்புறம் காய்ந்து கிடந்தது. உள்ளே கால்மாட்டில் மட்டும் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம்.

ஒற்றைத் துணிக்குள் படுத்தால் மூச்சு நீராகப் படியும். அது அவளுக்குப் புதிதல்ல, வேதியியல் படித்தவள். பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். எட்டு மணி நேரம், ஒரு மனித உடல், வியர்வையையும் சேர்த்தால் இருநூற்று நாற்பது கிராம். அதற்கு மேல் போகாது.

கூடியிருந்தது நானூற்று எண்பது.

"காலங்காத்தால தராசுல என்னடி? கேக்கா?" கூட வசிக்கும் ஐலீன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"பிவ்வி. ஈரமாயிருக்கு."

"பல் தேய்க்கிற பிரஷ்ஷையே பாதியா வெட்டினவ நீ. அடுத்து மூச்சையும் எடை போட ஆரம்பிச்சுட்டியா?"

அதைத்தான் மோர்வென் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு இன்னும் இரண்டு இரவுகள் வேண்டும். திங்கட்கிழமை மலை வழிகாட்டித் தேர்வு. அதற்கு முன் மலையில் தனியாகத் தங்கிய இரவுகளின் கணக்கு பதிவேட்டில் முழுமையாக வேண்டும். தேறினால் வேலை தருவதாகச் சொல்லியிருந்த ஏரிக்கரைப் பயிற்சி மையத்தின் மேலாளர் போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு குறையுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா சொல்லிடு, வரிசையில வேற ஆள் நிக்கிறாங்க." இருந்த ஒரே டென்டை, பிரிந்துபோனபோது காதலன் கேலம் எடுத்துப் போய்விட்டான்.

கடையில் மலிவான டென்டெல்லாம் இரண்டரைக் கிலோ. ஒரு கிலோவுக்குக் குறைந்தவை அவளுடைய ஒரு மாத வாடகை விலை. கடைசியில் பழைய பொருட்கள் தொங்கும் கம்பியில் இந்தப் பை கிடைத்தது. நாற்பது பவுண்டு. தோள் வரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது.

"இது என்னங்க?" என்றாள் கடைக்காரர் டூகலிடம்.

"மான் கொம்பு பட்டிருக்கும். நல்லாத்தான் ஒட்டியிருக்கேன், ஒழுகாது."

"முன்னாடி யாரு வச்சிருந்தாங்க?"

"ஏம்மா, நாப்பது பவுண்டுக்கு ஜாதகமும் சேத்தா கேப்பே? வேணும்னா எடு. வேண்டாம்னா கம்பியில மாட்டிட்டுப் போ."

எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பையைக் காயவைத்து, மூட்டையை மறுபடி எடைபோட்டாள். ஒவ்வொரு காலையும் இந்த ஈரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். அதை ஈடுகட்ட எதையாவது குறைத்தாக வேண்டும். மடக்குக் கத்தி அறுபத்திரண்டு கிராம். உணவெல்லாம் பொட்டலத்தில் இருக்கிறது, கத்தி எதற்கு? மேஜையிலேயே வைத்துவிட்டாள். போகும் வழியை எழுதிய தாளை ஐலீனிடம் கொடுத்தாள்.

"ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. வரலைன்னா மீட்புப் படைக்குச் சொல்லு."

"ஏழு மணி வரைக்கும் பாக்கறேன். நீ எப்பவும் லேட்டு."

முதல் இரவு, ஒரு சிறிய மலை ஏரியின் கரை. ஜூன் மாதம் என்பதால் பதினொன்றரைக்கும் வானம் இருளவில்லை, சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. காற்று விழுந்ததும் மிட்ஜ் பூச்சிகள் புகைபோல எழுந்து வந்து கண்ணிமை, காது, தலைமுடியின் வேர் என்று ஊசி ஊசியாகக் கடித்தன. அவள் பைக்குள் புகுந்து, இடது காதோரம் வரை ஜிப்பை முழுசாக இழுத்து மூடி, முகத்துக்கு ஒரு சாண் மேலே தொய்ந்து நின்ற பச்சைத் துணியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வெளியே ஏதோ ஒரு பறவை வானத்திலிருந்து ஆடு கத்துவதுபோல ஒலி எழுப்பி, நிறுத்தி, மறுபடி எழுப்பியது. உள்ளே நனைந்த கம்பளியின் வாடை. அவளிடம் கம்பளி எதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு விழித்தாள். மெல்லிய வெளிச்சத்தில் அவள் வாய்க்கு நேர் மேலே துணியில் ஒரு கரும்பச்சை வட்டம் தெரிந்தது. அவளுடைய மூச்சின் ஈரம். அதே அளவில் இன்னொரு வட்டம் இடுப்புக்கு மேலே இருந்தது.

துணி மடங்கியிருக்கும், உடல் சூடு பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுப் புல்லில் ஈரம் கால்மாட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் யோசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலையில் பையின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உலர்த்தும்போது ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். கிழிசல் கோணல்மாணலாக இல்லை. கோடு போட்டதுபோல நேராக இருந்தது. வெட்டுப்பட்ட விளிம்புகள் பையின் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன.

உள்ளே இருந்த யாரோ கத்தியால் கிழித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஜிப் இருந்தும்.

சாலைக்கு நான்கு மணி நேர நடை. போய்விடலாம். போனால் ஓர் இரவு குறையும், வேலை போகும், குளிர்காலத்தில் வாடகைக்கு வழி இருக்காது. ஒட்டை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேற்கே அடுத்த கணவாயை நோக்கி நடந்தாள்.

அன்று மாலை பையை விரித்தாள், உள்ளே போகவில்லை. தூங்கும் பையை மட்டும் சுற்றிக்கொண்டு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எப்படியும் ராத்திரியைக் கழித்துவிடலாம். முதலில் மிட்ஜ் வந்தது, தாங்கினாள். பிறகு மேகம் மலையிலிருந்து இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருந்ததையெல்லாம் அழித்தது. பிறகு மழை, பக்கவாட்டில், சரளைக்கல் எறிவதுபோல. தூங்கும் பை வாத்து இறகு. நனைந்தால் வெறும் ஈரத்துணி. கால் மணி நேரத்தில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. இன்னும் ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தேர்வுக்காகவே மனப்பாடம் செய்திருந்தாள்.

உள்ளே போனாள். ஜிப்பை மூடினாள்.

பை முன்னைவிட ஒடுக்கமாக இருந்தது. இடது பக்கம் முழங்கையை மடக்க இடம் போதவில்லை. மழைச் சத்தம் காதுக்கு ஓர் அங்குலம் மேலே. நனைந்த கம்பளியின் வாடை. மெல்ல மெல்ல உடம்பு சூடேறியது. இவ்வளவு சீக்கிரம் சூடேறியிருக்கக் கூடாது.

தூங்கக் கூடாது என்று நினைத்தாள். தூங்கிவிட்டாள்.

விழித்தபோது மழை நின்றிருந்தது. வெளிச்சம் வந்திருந்தது. வாய்க்கு மேலே அவளுடைய வட்டம்.

அதன் இடப்பக்கம், ஒட்டியபடி, இன்னொன்று.

ஜிப்பின் இழுப்பு அதற்கும் அப்பால். கையை நீட்டினால் எட்டும். அந்த வட்டத்துக்குக் கீழே உள்ள இடத்தைக் கை கடந்து போக வேண்டும். மறுபக்கம் துணி மட்டும்தான். கத்தி சமையலறை மேஜையில். இன்று ஞாயிறு. ஏழு மணிக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்.

திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துணியிலேயே வைத்திருந்தாள்.

ஒருவேளை தன் மூச்சுதான் மடிப்பில் பட்டு இரண்டாகப் படிகிறதோ. சோதித்துப் பார்க்கலாம். எளிய சோதனைதான்.

மூச்சை அடக்கினாள்.

அவள் வட்டத்தின் விளிம்பு வெளிறத் தொடங்கியது. இருபது எண்ணினாள். பக்கத்து வட்டமும் வெளிறியது. முப்பது. இரண்டும் ஒன்றாகச் சுருங்கின. அப்படியென்றால் இரண்டுமே அவளுடையதுதான். உறுதியாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் அடக்கினாள். நாற்பது. ஐம்பது. காதுக்குள் ரத்தம் அடித்தது. அறுபது.

இடது கன்னத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. பக்கத்து வட்டம் கருத்து, விரிந்தது.

அவள் இன்னும் மூச்சை விடவில்லை.