நீலத் துணி போட்ட புத்தகங்கள்

முதலில் விழுந்தது மழை. அடுத்து விழுந்தது சைக்கிள். அதற்கப்புறம்தான் அவன் விழுந்தான்.

மலாயாவில், குளுவாங் டவுனிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வரும் செம்மண் பாதை, ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பக்கத்தில் சட்டென்று வளையும். பழகிய மாட்டுவண்டியே அந்த இடத்தில் தயங்கித்தான் திரும்பும். இவனோ புது ஆள். சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டி கயிறு அறுந்து விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த புத்தகங்கள் பாதையெல்லாம் சிதறின.

கொட்டகையில் பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அங்கம்மா ஓடி வந்தாள். வந்தவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் புத்தகங்களின் மேல் போட்டு, பச்சைப் பிள்ளையை அள்ளுவது போல அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள்.

"ஏங்க... இங்க ஒரு ஆளு விழுந்து கெடக்கேன். நீங்க பொஸ்தகத்தத் தூக்கிட்டு ஓடுறீங்களே?"

"ஆளு காஞ்சிரும். பொஸ்தகம் காயுமா?"

அவன் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டான். அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். முகம் முழுக்கச் செம்மண்... நடுவில் அந்த இரண்டு கண்கள் மட்டும், மழை அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று...

பார்வையைத் தாழ்த்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. 'நீங்க' என்றானே!

கங்காணிக்கு அவள் 'ஏ புள்ள'. கணக்கெழுதும் கிராணிக்கு 'இந்தா'. பிறந்து வளர்ந்த இந்தத் தோட்டத்தில் வெளியாள் ஒருவன் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அவன் பெயர் அம்பலவாணன். குளுவாங் ரயிலடிக்குப் பின்னால் இருந்த தமிழர் வாசகசாலையில் வேலை. தோட்டத்து ஜனங்கள் டவுனுக்கு வந்து படிக்க வழியில்லை. ஆகவே புத்தகங்கள் தோட்டத்துக்குப் போகட்டும் என்று வாசகசாலைச் சங்கத்தார் முடிவு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் பெட்டியோடு வருவான்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"மூணாம் வகுப்பு வரைக்கும் போனேன். பெரிய எழுத்துன்னா ஓடுவேன். சின்ன எழுத்துன்னா நடப்பேன்."

"நொண்டி நொண்டியா?"

"விழாம நடப்பேன்... சில பேரு மாதிரி இல்ல."

மறுபடியும் சிரித்தான். பழுப்புக் காகித அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டப் போனவன், "வீடு எந்த லயம்?" என்று கேட்டான்.

"கீழ லயம்."

நீட்டிய கை பாதியில் நின்றது... ஒரு மூச்சு நேரம். பிறகு அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, நீலத் துணி போட்ட வேறொன்றைத் தேடி எடுத்தான்.

"உங்களுக்கு இது."

கப்பலில் ஒன்றாகக் கிடந்து, ஒன்றாக வாந்தியெடுத்து வந்த ஜனங்கள்தான் அந்தத் தோட்டத்து ஜனங்கள். இறங்கிய மறுநாளே ஊரில் விட்டு வந்த சாதியைத் தேடி எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். ஒரே தொரை, ஒரே மரம், ஒரே பால். ஆனால் குடியிருக்கும் லயம் இரண்டு, தண்ணீர்க் குழாயும் இரண்டு. மேல லயத்துக்காரர்கள் கீழ லயத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அங்கம்மாவுக்கு அது பழகிப்போன சங்கதி. அதனால் அந்தக் கை நின்றதை அவள் கவனிக்கவில்லை. துணியைத்தான் கவனித்தாள்.

என்ன அழகான தையல்! அரிசி அரிசியாக, ஒரே அளவில்... மூலையில் துணியை மடித்து ஒரு சின்ன முடிச்சு.

"யாரு தச்சது?"

"நாந்தான்" என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் அங்கம்மா.

கடல் கடந்து போன தம்பியைத் தேடிப் புறப்படும் ஓர் அக்காவின் கதை அது. சாயங்காலம் குழாயடியில் அங்கம்மா வாசிப்பாள். பெண்கள் குடத்தை நிரப்பாமல் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவளுடைய அம்மா வெள்ளையம்மாவுக்கு ஊரில் விட்டு வந்த ஒரு தம்பி உண்டு. கதையில் கப்பல் கிளம்பும்போதெல்லாம் அவள் மூக்கைச் சிந்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மழை வந்தாலும் அவன் வந்தான்... மழை வரட்டும் என்றே அவள் வேண்டிக்கொண்டாள். மழை வந்தால் கொட்டகையில் கொஞ்ச நேரம் கூட நிற்பானே! மாரியம்மனிடம் மழை கேட்பது ஒன்றும் தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"அலமாக்! என்னடி இது, பொஸ்தகத்தப் போயி தடவிக்கிட்டுக் கெடக்க?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டாள் பக்கத்து வீட்டுக் கருப்பாயி.

"சும்மா இரு கருப்பாயி. மேல லயத்துக்குப் போற பொஸ்தகமெல்லாம் பார்த்திருக்கியா? வெறும் காகித அட்ட. நமக்கு மட்டுந்தான் துணி. அவரே ஒக்காந்து தைக்கிறாரு."

"நமக்கா... ஒனக்கா?"

அங்கம்மா புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கதை பாதியில் நின்றது. அக்கா ஒரு துறைமுகத்தில் இறங்குகிறாள்; கூட்டத்தில் தம்பியின் சட்டை போல ஒன்று தெரிகிறது... அவ்வளவுதான். மிச்சம் இரண்டாம் பாகத்தில்.

"தம்பியக் கண்டாளா இல்லியாடி?" என்று வெள்ளையம்மா நச்சரித்தாள். இரண்டாம் பாகம் டவுனில் யாரிடமோ இருக்கிறது, வந்ததும் கொண்டு வருகிறேன் என்றான் அம்பலவாணன். அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நாமே போய் வாங்கினால் என்ன? அவன் திடுக்கிட்டு நிமிர்வான்... அந்தக் கண்கள் விரியும்...

சாமான் வாங்க அம்மாவோடு குளுவாங் போன அன்று, அவளை மார்க்கெட்டில் விட்டுவிட்டு வாசகசாலைக்கு நடந்தாள். நீலத் துணியைத் துவைத்து, தலையணைக்கடியில் வைத்து மடிப்பெடுத்து, மறுபடியும் புத்தகத்துக்குப் போட்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சங்கத் தலைவர் ஐயாசாமி. அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீலத் துணியா? உள்ள வராத. அங்க பெட்டி இருக்கு பாரு, அதுல போட்டுட்டுப் போ."

வாசல் தாழ்வாரத்து அஞ்சடியின் ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி. அதில் நீலம் நீலமாகப் புத்தகங்கள். கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் மேல் புத்தகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க... இது நனையுதுங்களே."

"நனைஞ்சா என்ன? தொட்ட பொஸ்தகந்தான? உள்ள இருக்கறதோட கலக்கக் கூடாதுன்னுதான அடையாளத்துக்குத் துணி போட்டிருக்கு."

அவள் உள்ளே பார்த்தாள். சுவரோரம் அலமாரிகள். பழுப்புக் காகிதம் போட்ட புத்தகங்கள் காய்ந்து, வரிசையாக, நிம்மதியாக நின்றன. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அம்பலவாணன் தைத்துக்கொண்டிருந்தான். மடியில் நீலத் துணி.

நிமிர்ந்தான். அந்தக் கண்கள் விரிந்தன... அவள் நினைத்தபடியேதான். ஊசி அவன் கையில் நின்றது. உதடு அசைந்தது. ஆனால் ஒரு வார்த்தை... 'உள்ள வாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை... வரவில்லை.

அங்கம்மா நனைந்துகொண்டிருந்த புத்தகத்தை அடியில் தள்ளிவிட்டு, தன்னுடையதை மேலே வைக்காமல் பக்கத்தில் வைத்தாள். பிறகு மழையில் இறங்கி நடந்தாள்.

எதிரே சுப்ஹான் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தவர், "என்னாம்மா, மழையில நடுங்குற? ஒக்காரு" என்று ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எல்லாருக்கும் வைக்கிற அதே கிளாஸ். அவ்வளவு நேரம் வராத அழுகை அதைப் பார்த்ததும் வந்துவிட்டது. ராவுத்தர் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது கொட்டகையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கை வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தது.

"அங்கம்மா... ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க."

"சொல்லுங்க. வாளிக்குக் காது இல்ல, எனக்கு இருக்கு."

"கீழ லயத்துக்குப் பொஸ்தகமே குடுக்கக் கூடாதுன்னாங்க. திரும்பி வந்தா அவங்க யாரும் தொட மாட்டாங்களாம். நான்தான் மன்றாடினேன். வேணும்னா தனியா வைக்கலாம், அடையாளத்துக்கு ஒரு துணி போட்டுத் தரேன்னு..."

வாளி நின்றது.

"துணி போடலாம்னு சொன்னது நீங்களா?"

"இல்லேன்னா ஒரு பொஸ்தகங்கூட உங்களுக்கு வந்திருக்காது."

அவன் சொன்னது பொய்யில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. கடவுள் கொடுத்த கருணையை மனிதர்கள் பாதிதான் செலவழிக்கிறார்கள். மீதியை ஊருக்குப் பயந்து முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதியை வாங்கிக்கொண்டவர்கள்தான் பாவம்... நன்றி சொல்லவும் முடியாது, கோபப்படவும் முடியாது.

"ஐயாசாமி சொன்னது வலிக்கலீங்க. அப்படிப் பேசறவங்க நெறைய பேரு இருக்காங்க" என்றாள் அங்கம்மா. "நீங்க அவ்வளவு அழகா தச்சிருந்தீங்க பாருங்க... அதுலதான் ஏமாந்துட்டேன்."

அன்று பெட்டியிலிருந்து அவள் எதையும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. புத்தகப் பெட்டி மேல லயத்துக்கும் வரவில்லை. அவன் நீலத் துணிகளையெல்லாம் கிழித்தெறிந்து, புத்தகங்களை உள் அலமாரியில் கலந்து வைத்துவிட்டானாம். அன்றைக்கே வேலை போய்விட்டதாம். மார்க்கெட்டுக்குப் போய் வந்த கருப்பாயி சொன்னாள். அங்கம்மா கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாரியம்மன் முன்னால் விளக்கேற்றும்போது அவனுக்காகவும் ஒரு திரி போட்டாள். ஏன் போட்டாள் என்று அம்மனும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடியப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ லயத்து வாசலில் அவன் வந்து நின்றான். தோளில் ஒரு சாக்கு. காலெல்லாம் செம்மண்.

"சைக்கிள் எங்க?" என்றாள், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"அது வாசகசாலையோடது." சாக்கை இறக்கினான். "இதெல்லாம் நீலத் துணி போட்டிருந்த பொஸ்தகங்க. அலமாரியில வேண்டாம், எடுத்துட்டுத் தொலைன்னுட்டாங்க. ரெண்டாம் பாகத்த மட்டும் சுப்ஹான் ராவுத்தர் சொல்லி, வச்சிருந்தவருகிட்ட வாங்கினேன். எதுக்கும் அட்ட போடல."

வெள்ளையம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அங்கம்மா. "நான் பார்த்துக்கிறேன். மேல லயத்துல யாரு வந்து கேட்டாலும் குடுப்பேன். துணி போடாம."

அவன் தலை குனிந்து நின்றான். பிறகு, விழுந்த அன்று நிமிர்ந்த அதே கண்களோடு நிமிர்ந்தான்.

"அங்கம்மா... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அன்னிக்கு சேத்துல ஒக்காந்திருந்தப்பவே. உங்களக் கட்டிக்கணும்னு ஆச."

மரங்களில் தேங்கிய மழை சொட்டிக்கொண்டிருந்தது. இதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தாள்! ஆனாலும் கேட்டாள்.

"உங்க அம்மா டவுன்லதான இருக்காங்க? நான் வந்து அவங்க அடுப்புல ஒல வைக்கலாமா?"

அவன் நின்றான்... ஒரு மூச்சு நேரம்.

"கொஞ்ச நாளைக்குத் தம்போய் பக்கம் தனியா வீடு எடுத்துக்கலாம். எந்தத் தோட்டம், எந்த லயம்னு யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். பேரக்கூட வேணும்னா மாத்திக்கலாம். அப்புறம் மெதுவா அம்மா மனசு..."

"எனக்கும் துணி தைக்கிறீங்களா?"

அவன் முகம் வெளுத்தது. அங்கம்மாவின் குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டுக்குங்க. நானும் சொல்லிடறேன். எனக்கும் உங்கள ரொம்பப் புடிக்கும். மழ வரணும்னு சாமிய வேண்டிக்கிட்டவ நானு. இனிமே யாரு மேலயும் இப்படி வருமோ என்னவோ... ஆனா, உங்க வீட்டு அலமாரியில எடமில்லேன்னா, அஞ்சடிப் பெட்டியில வந்து கெடக்க மாட்டேங்க."

அவன் பாதையைப் பார்த்துத் திரும்பினான். பதில் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அன்றே, ஊசியும் கையுமாக இருந்த அன்றே, சொல்லியிருப்பான்.

திரும்பினவனை, "இருங்க... நெடுந்தூரம் நடக்கணும்" என்று நிறுத்தினாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். லயத்து வாசல்களில் பெண்கள் நின்றார்கள். மேல லயத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த கங்காணியும் நின்று பார்த்தார்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, உதட்டில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கண் நிறைந்திருந்தது. செம்பைக் கொடுத்துவிட்டுச் செம்மண் பாதையில் இறங்கினான். பால் கொட்டகை வளைவில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்... அப்புறம் ரப்பர் மரங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"தம்பியக் கண்டாளாடி?" என்றாள் வெள்ளையம்மா, மெதுவாக.

"வாசிக்கிறேம்மா. இரு."

அங்கம்மா செம்பைக் கழுவினாள். தனியாக வைக்கவில்லை. வீட்டுச் செம்புகளோடு சேர்த்து, எது அவன் குடித்தது என்று நாளைக்குத் தனக்கே தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள்.