பகிரலாம் என்றுதானே சொன்னேன்

'இது என்னோட மழை…'

பதிப்பகத்தின் புத்தகக் கடையில், நடு மேசையின் மேல், அவள் எடுத்த புகைப்படம் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டையாகிக் கிடந்தது. ஈரச் சாலை, சாய்ந்த குடை, முதுகு காட்டி நிற்கும் ஒருவன். 'தூறல்' என்ற புனைபெயரில் அவள் இணையத்தில் போட்ட படம். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

"இந்த அட்டையை யார் செஞ்சது?"

அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "நான்தான். நல்லாருக்கா?"

"படம் நல்லாருக்கு. நான்தானே எடுத்தேன்!"

அவன் முகம் வெளுத்தது. "நீங்கதான்… தூறலா? 'தாராளமா பகிரலாம்'னு படத்துக்குக் கீழ எழுதியிருந்தீங்களே…"

"நாலு பேர் பார்க்கட்டும்னு எழுதினேன். அட்டையில போட்டு விக்கச் சொன்னேனா?"

"விக்கக்கூடாதுன்னும் எழுதலையே…"

"வீட்டுக் கதவு திறந்திருந்தா, உள்ள வந்து கட்டிலைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகு… லேசாகச் சரிந்த அந்த இடது தோள்… அவள் அட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றான் திரும்பாமலே. "அது நான்தான். நீங்க மட்டும் என்னைக் கேட்டா எடுத்தீங்க?"

கோபமாகக் கேட்டவளுக்குக் காது சூடானது. எத்தனை முறை அந்த முதுகைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்… கண்கள் எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பாள்! அவன் திரும்பினான். மழை விட்ட பிறகும் சொட்டுகிற இலைகளைப் போல, சிரித்து முடித்தும் சிரித்துக்கொண்டிருந்தன அவன் கண்கள்.

மறுநாள் பதிப்பக அறையில், பதிப்பாளரான அவனுடைய அக்கா அவளிடம் ஒரு தாளை நீட்டினாள். படத்தை அட்டையில் போட முதலிலேயே அனுமதி தந்திருந்ததாக அதில் கையெழுத்திட வேண்டும். இட்டால், அடுத்த பதிப்பில் பெயர் வரும்.

"போடலைன்னா, மேடம்?"

"இவன்தான் பதில் சொல்லணும். தம்பின்னு பார்க்க மாட்டேன், வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

முதல்முறையாக ஓர் அட்டையில் தன் பெயர்… ஒரு கையெழுத்துதானே? அவனும் தப்பிப்பான். பேனாவைத் திறந்தாள்.

"போடாதீங்க," என்றான் அவன். "அக்கா, அவங்க பகிரலாம்னு மட்டும்தான் சொன்னாங்க. மிச்சத்தை எனக்கு வசதியா நான்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"சந்தேகம்னா ஒரு வார்த்தை கேட்கறதுக்கென்னடா? மெசேஜ் போட்டா விரல் தேஞ்சுடுமா?"

"எழுதினேன்க்கா… அனுமதி கேட்டுத்தான் ஆரம்பிச்சேன். என்னை இவ்வளவு அழகாப் பார்த்த கண்ணு யாரோடது, ஒரே ஒரு வாட்டி பார்க்கணும்னு போய் முடிஞ்சுது. வெட்கமாப் போச்சு… அனுப்பாமலே அழிச்சுட்டேன். நேத்து அந்தக் கண்ணைப் பார்த்துட்டேன். இனிமே அழிக்க முடியாது."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"போச்சுடா! சரிம்மா, கடைகள்ல இருக்கிற பிரதியெல்லாம் திருப்பி வரவழைக்கிறேன். இப்பவே புது அட்டை. முன்பக்கத்துலேயே உன் பேரு. இவன் வேலையும் போகாது."

ஜெயித்துவிட்டாள்! உள்ளே யாரோ கைதட்டுவது போலிருந்தது.

"ஆனா ஏற்கெனவே வித்ததுக்காக நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்கக்கூடாது பாரு… இதுல மட்டும் ஒரு கையெழுத்து. இவனுக்காகவாவது?"

அவள் பேனாவை மூடினாள். தாளை மெல்ல அக்காவின் பக்கமே நகர்த்தினாள்.

"அவருக்காகன்னா வேற எது வேணும்னாலும் கேளுங்கக்கா…" அவன் கண்களைப் பார்த்தபடியே சொன்னாள். "இது மட்டும் வேண்டாம்."