மறைக்கப்பட்டவை: இரண்டு

திரையின் அடியில், இடது மூலையில், எறும்பு அளவு எழுத்தில் அந்த வரி எப்போதும் இருக்கும். காட்டப்படுபவை இத்தனை, மறைக்கப்பட்டவை இத்தனை. மங்கையர்க்கரசி அதைக் கவனிப்பதே இல்லை. அன்றைக்குக் கவனித்தாள். மறைக்கப்பட்டவை இரண்டு என்று இருந்தது. அவள் மறைத்தது ஒருத்தியை மட்டும்.

மணி ஐந்துதான். ஆனால் டிசம்பரில் போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அபர்தீன் பஜாரின் விளக்குகள் எரியத் தொடங்கி, கீழே ஆட்டோக்களின் சத்தமும் மிட்டாய்க் கடையில் பால் சுண்டும் வாசனையும் ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவதாகப் பானுவிடம் சொல்லியிருந்தாள். ஒன்பது வயது மகள். மூன்று நாளாகக் காய்ச்சல். அம்மா முகத்தைப் பார்க்காமல் அவளுக்குத் தொண்டையில் கஞ்சி இறங்காது.

முதலாளி ஜெகநாதனுக்குப் பதினோரு கம்பெனிகள். பார்ஜ் என்கிற சரக்குப் படகு ஓட்ட ஒன்று, சிமெண்ட் இறக்க ஒன்று, ரிசார்ட்டுக்கு ஒன்று, அந்த ரிசார்ட் நிற்கும் நிலத்துக்கு வேறொன்று. எது யாருக்குச் சொந்தம் என்பதைப் பெட்டிகளும் கோடுகளுமாக வரைந்து காட்டும் மென்பொருள் மங்கையின் பொறுப்பு. கம்பெனி என்றால் பெட்டி, ஆள் என்றால் வட்டம். எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டினால் சிக்கு விழுந்த மீன்வலை மாதிரி இருக்கும். அதற்குத்தான் ஃபில்டர். பேங்க்காரருக்கு ஒரு காட்சி, ஆடிட்டருக்கு ஒரு காட்சி, ரிசார்ட்டை வாங்கக் கடல் தாண்டி வரும் மெயின்லேண்ட் ஆளுக்கு ஒரு காட்சி. ஒரு டிக் அடித்தால் வேண்டாதவை மறைந்து, வேண்டியவை மட்டும் பளிச்சென்று நிற்கும். எதையும் அழிப்பதில்லை, மாற்றுவதில்லை. திரையில் தெரிவது எல்லாமே உண்மை. இதைத்தான் மூன்று வாரமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சொர்ணம்மா வந்திருந்தாள். தெற்கே கட்சால் தீவின் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவள். அவள் புருஷன் தம்பையா போர்ட் பிளேர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த கடலோர நிலத்தில்தான் ரிசார்ட் நின்றது. நிலத்தைக் கொடு, கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று ஜெகநாதன் சொல்லி இருபது வருஷம் ஆகிவிட்டது. தம்பையா செத்துப்போனான். இப்போது, தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று சொர்ணம்மா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு குளித்தாலும் போகாத, புளித்த ரப்பர் பாலின் வாடை அவளைச் சுற்றி நின்றது. மங்கை சட்டென்று மூச்சை அடக்கினாள். அந்த வாடை மங்கையின் அம்மா சேலையிலும் இருந்தது.

"ஒன் பேச்சுல நம்ம ஊரு சாயல் அடிக்குதே புள்ள. நீ கட்சாலா?"

"இல்லைங்க. மெயின்லேண்ட்."

"அப்பிடியா. செரி, அந்தப் பொட்டில எம் பேரு இருக்கா, பாத்துச் சொல்லு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன் நானு."

டைரக்டர்களை மட்டும் காட்டு என்ற கட்டத்தில் மங்கை டிக் அடித்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியபடி சொர்ணம்மாவுக்கு இருந்தது வெறும் பங்குதான், பதவி இல்லை. அவளுடைய வட்டம் போய்விட்டது. சொர்ணம்மா எழுந்து வந்து, ஒவ்வொரு பெயரையும் உதடு அசைய வாசித்தாள். வெகுநேரம் ஆனது.

"இல்லியே புள்ள."

"இல்லைங்க அக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரம் கட்சாலிலிருந்து ஃபோன் வந்தது. யாரோ விவரம் தெரிந்தவர்கள் அவளுக்குத் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம் பேரு இருந்துச்சாமே. நீதான் மறைச்சுக் காட்டுனியா?"

மங்கை ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"ஜெகநாதன் ஏமாத்துவான்னு எனக்குத் தெரியும் புள்ள. அதாலதான் ஒங்கிட்ட வந்து கேட்டேன்."

மங்கை இணைப்பைத் துண்டித்தாள். நேரில் கேட்கவென்று கப்பல் ஏறிய சொர்ணம்மா, வழியிலேயே, கப்பலின் பங்க் படுக்கையில் சுருண்டு படுத்தபடி இறந்துபோனாள். கப்பல் கரை சேர்ந்து, எல்லாரும் இறங்கி, மதியம் ஆகும்வரைக்கும் அங்கே ஒரு ஆள் கிடப்பது யார் கண்ணிலும் படவில்லையாம். அதே வாரம் ஜெகநாதன் மங்கையை நில கம்பெனியின் டைரக்டராக்கினார். வரைபடத்தில் அவளுக்கும் ஒரு வட்டம் வந்தது.

இப்போது அவள் விரலால் எண்ணினாள். பதினோரு பெட்டி. ஜெகநாதன், அவர் மனைவி, இரண்டு மகன்கள். நான்கு வட்டம்.

அவளுடைய வட்டம் இல்லை.

டைரக்டர்களை மட்டும் என்ற டிக்கை எடுத்தாள். எல்லாமே திரும்பி வந்திருக்கவேண்டும். திரை ஒரு முறை சிமிட்டிவிட்டு, அதே நான்கு வட்டத்தோடு நின்றது. மறைக்கப்பட்டவை இரண்டு. கணினியை அணைத்துப் போட்டாள். மீண்டும் இரண்டு. மென்பொருள் கோளாறு, நாளைக்கு அதை விற்ற கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தபோது, பால் சுண்டும் வாசனை நின்றுபோயிருப்பதும் அதன் இடத்தில் வேறொன்று, மெல்லப் புளித்துக்கொண்டிருக்கும் ஒன்று, அறையின் மூலைகளிலிருந்து தரையோடு தரையாகப் பரவி வருவதும் அவளுக்குத் தெரிந்தது.

ஜெகநாதன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். வாட்ச்மேன் ஒச்சப்பன் சாவிக்கொத்தோடு பின்னால் வந்தான்.

"சார், பானுவுக்குக் காய்ச்சல், நாளைக்கு நான் கொஞ்சம் லேட்டா..."

ஜெகநாதன் அவள் மேசையைக் கடந்து போனார். நடை தடுமாறவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளுக்கு ஒரு விறைப்பு இருக்குமே, அதுகூட இல்லை.

"மங்கை எங்கய்யா?"

"மேடம் எப்பவோ போயிட்டாங்க சாப். சீட்டு காலி."

"ஃபேனைப் போட்டுட்டே போயிருக்கு பாரு. டைரக்டர் ஆயாச்சுல்ல, பில்லு நம்ம தலையில."

ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினான். அவன் மூச்சில் புகையிலை மணத்தது. விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். நினைக்க முயன்றாள். ஷட்டர் பாதி இறங்கும்போதுதான் ஓடினாள். குனிந்து, முழங்கை உரசி, வெளியே வந்து அவன் முன்னால் நின்று, "ஒச்சப்பா, என்னைப் பாரு" என்றாள். அவன் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்தான்.

வீட்டுக்குப் போகும் காராச்சர்மா பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஒரு பெண் ஏறி, காய்கறிக் கூடையைக் காலி இடத்தில் வைப்பது போல மங்கையின் மடியில் வைத்தாள். கூடை கனத்தது. ஈரக் கீரை அவள் கையை நனைத்தது. "அம்மா, நான் இருக்கேன்" என்று மங்கை சொன்னாள். பிறகு ஹிந்தியில் சொன்னாள். பிறகு கத்தினாள். அந்தப் பெண் கொட்டாவி விட்டாள்.

அப்போது மங்கைக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். திரையிலிருந்து மறைத்தவை எங்கே போகின்றன? அழிவதில்லை. அவளேதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பாள், பயப்படாதீங்க, எல்லாம் அங்கயேதான் இருக்கும் என்று. அப்படியென்றால் மறைக்கப்பட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும்.

பின் இருக்கையிலிருந்து புளித்த வாடை வந்தது. அவள் திரும்பவில்லை.

நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் ஓடினாள். பின்னால் செருப்புச் சத்தம். அவள் ஓடினாள். செருப்பு நடந்தது. ஆனாலும் தூரம் கூடவில்லை.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அடுப்படியில் அவள் கணவன் நந்தகுமார் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். முன்னறைக் கட்டிலில் பானு, நெற்றியில் ஈரத்துணியோடு.

"அம்மா எங்கப்பா?"

"வந்துருவாம்மா. ஃபோன்தான் போகமாட்டேங்குது."

மங்கை கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டாள். "பானு. அம்மா வந்துட்டேன்டா." மகளின் சூடான மூச்சு அவள் முகத்தில் பட்டது. மகளின் கண்கள் அவள் முகத்தின் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கன்னத்தைத் தொட்டாள். பானு ஈ விரட்டுவது போலத் தலையை அசைத்தாள்.

எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் மெயின்லேண்ட் என்று சொல்லியிருக்கிறாள். நந்தகுமாரிடம்கூடத் தான் வளர்ந்த கட்சால் தோட்டத்து லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசைவீடுகளைப் பற்றிச் சொன்னதில்லை. தன்னைத்தான் முதலில் மறைக்கப் பழகினாள். அப்போது அது வலிக்கவே இல்லை.

"பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது, பாத்தியா."

கட்டிலின் கால்மாட்டில் சொர்ணம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது, வெகுநேரம் அந்தப் பக்கமாகவே படுத்துக் கிடந்தவளுக்கு இருப்பதுபோல. கோபமாக இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"அக்கா. மன்னிச்சிருங்க அக்கா. நாளைக்கே உங்க பேரை..."

"நாளைக்கா?"

"எம் புள்ளை என்னைப் பாக்கணும். வேற யாரும் பாக்கவேண்டாம். அவ மட்டும் பாத்தாப் போதும்."

அவள் பேச்சில் லயத்துச் சாயல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

சொர்ணம்மா பானுவைத் திரும்பிப் பார்த்தாள். "அவ மட்டும் ஒன்னையப் பாத்தாப் போதுமா?"

"போதும்."

"செரி."

பானுவின் கண்கள் வாசலிலிருந்து மெல்ல நகர்ந்தன. மங்கையின் முகத்தில் வந்து நின்றன. நிலைத்தன.

"அம்மா. எப்ப வந்தீங்க?"

மங்கை அவளை அள்ளி எடுத்தாள். சுடும் உடம்பு. வியர்வை ஊறிய முடி. கழுத்தைச் சுற்றி இரண்டு கை. அழுதாள், சிரித்தாள், உச்சியில் முத்தமிட்டாள். "இனி எங்கயும் போகமாட்டேன்டா" என்றாள்.

நந்தகுமார் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தான்.

கட்டிலைப் பார்த்து நின்றான். தலையணையில் ஈரத்துணி கிடந்தது.

"பானு?"

"என்னப்பா?" என்றாள் பானு.

அவன் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குளியலறையைத் திறந்து பார்த்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்தான்.

"பானு, விளையாடாதம்மா. காய்ச்சல் அடிக்குது."

"அப்பா, இங்கதான இருக்கேன். அம்மாகூட." பானு சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அம்மா, அப்பா ஏன் இப்பிடிப் பண்றாங்க?"

அவன் வெளியே ஓடினான். முற்றத்தில் அவன் குரல். தெருவில் அவன் குரல். கதவுகள் திறக்கும் சத்தம். யாரோ ஹிந்தியில் கேட்டார்கள், யாரோ கிணற்றைப் பார் என்றார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் டார்ச்சுகளோடு முன்னறைக்குள் வந்தார்கள். வெளிச்சங்கள் அலமாரி மேல் போயின. மூலைக்குப் போயின. கட்டிலுக்கு வந்தன.

மங்கை மகளை இறுக்கிக்கொண்டாள். பானுவின் முடியில் அவள் விரல்களோடு இன்னொரு கையின் விரல்களும் மெல்லக் கோதிக்கொண்டிருந்தன.

ஒரு டார்ச் பானுவின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவள் கண் கூசவில்லை. வெளிச்சம் அவள் நெற்றியைத் தாண்டி, பின்சுவரில், எங்கும் நிழல் விழாமல், முழு வட்டமாகக் கிடந்தது.

"இங்க யாரும் இல்ல" என்றான் டார்ச் பிடித்தவன்.