காந்தம் இரும்பைக் கைவிட்ட நேரம்

காலை பத்து நாற்பது. பழைய இரும்புக் கிடங்கில், கிரேனின் மின்காந்தம் கவ்வியிருந்த தகடு சட்டென்று விழுந்து வெல்டரின் காலை முறித்தது.

பதினொன்றரை. ஆம்புலன்ஸ் போய்விட்டது. கிரேன்காரர் கேபினிலிருந்து இறங்கி நின்றார். அடிபட்டவர் அவருடைய தங்கை கணவர். முந்தின நாள்தான் இருவருக்கும் வீட்டுப் பங்கு விஷயமாக வாய்த்தகராறு.

"சுவிட்சை அணைச்சியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியமா தொடலை சார்."

"பின்ன, காந்தம் தானா விட்டுடுச்சா?"

"'உன்னைத் தொலைச்சிடுவேன்'னு இவன் நேத்து கத்தினதை நானே கேட்டேன் சார்," என்றார் மேனேஜர். "விழுந்தப்ப நான் ஆபீஸ்ல போன்ல இருந்தேன்." கொளுத்தும் வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார்.

காந்தத்துக்குக் கம்பி சுற்றித்தரும் 'காயில் அக்கா'வை இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்தார். அக்கா கிரேன் கேபினுக்குள் ஏறிப் பார்த்தார். இறங்கி, சுவர்ப்பக்கம் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே கரி.

"நேத்து சாயங்காலம் இதைப் பளபளன்னு துடைச்சிட்டுப் போனேன். கிரேன் தம்பி அணைக்கலை சார். யாரோ இதுக்குள்ள இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கி, திரும்ப மாட்டியிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"காயில்ல ஓடுற கரண்ட் சட்டுனு நிக்காது, ஓடத்தான் பார்க்கும். காந்தமா சேர்ந்திருக்கிற சக்தி எங்கயாவது போயாகணுமே! கேபின்ல அணைச்சா, அதைச் சூடாக்கிக் கரைக்க ரெசிஸ்டர் இருக்கு. பொறிகூடத் தெரியாது. இந்தப் பெட்டியில அந்த வழியே இல்லை. பிடுங்கினா இடைவெளியைத் தாண்டித் தீயாப் பாயும். பிடுங்கின கையைச் சும்மா விட்டிருக்காது." அக்கா திரும்பினார். "மேனேஜர் சார், சட்டைக் கையைக் கொஞ்சம் ஏத்துங்க."

மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பட்டனைக் கழற்றினார். மணிக்கட்டில் புதுக் கொப்புளங்கள்.

கிடங்குச் செம்புக் கம்பியை மேனேஜர் திருட்டுத்தனமாக விற்றதை வெல்டர் பார்த்துவிட்டாராம். முதலாளியிடம் சொல்லப்போவதாகவும் சொன்னாராம். எல்லாம் அங்கேயே வெளிவந்தது.

மதியம் மூன்று. காலுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும், கிரேன்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா... கண்ணு முழிச்சதும் மச்சான் கேட்டாரு, 'நீங்க இல்லதானே?'ன்னு. 'நான் இல்ல'ன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீங்க வரலைன்னா என் தங்கச்சியே என்னை நம்பியிருக்க மாட்டா. இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்?"

"தீர்க்கவே வேணாம் தம்பி. போனை வச்சிட்டு அவர் பக்கத்துல போய் உக்காருங்க."

கிரேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தங்கை நகர்ந்து, அண்ணனுக்கு இடம் விட்டாள்.