ஆடு குளித்த பள்ளம்

அன்று மழைக்கு ஒரு கணக்கே இல்லை...

பஸ்ஸை விட்டு இறங்கிய ஹேசல் குடையை விரித்ததுதான் தாமதம், காற்று அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. குடையோடு மல்லுக்கட்டியபடியே இங்கிலாந்தின் ரோச்டேல் ஊர்க் கடைவீதியில் ஓடியவள், எதிரே வந்தவன்மீது நேராகப் போய் மோதினாள். கையிலிருந்த உறை நழுவி நடைபாதை ஓரத்துத் தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ... என் பத்திரம்..."

அவன் குனிந்து எடுத்தான். நல்ல உயரம். தொப்பி விளிம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட, நனைந்த தாளை உதறிப் பிடித்தான். மேலே கொட்டை எழுத்தில் இருந்த பெயர் அவன் கண்ணில் பட்டது. படித்தான்... சிரித்தான்.

ஹேசல் ஷஃபிள்பாட்டத்துக்கு அந்தச் சிரிப்பு இருபத்து நாலு வருடப் பழக்கம்.

"சிரிச்சு முடிச்சாச்சா? கொண்டாங்க இப்படி."

"இல்லீங்க, நான் எதுக்குச் சிரிச்சேன்னா..."

"தெரியும். ஷஃபிள்னா ஆட்டுறது. பாட்டம்னா... அது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல பசங்க பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டு நடந்து காட்டுவாங்க. நீங்களும் வேணும்னா நடந்து காட்டுங்க, பார்த்துட்டுப் போறேன்."

அவன் காது வரை சிவந்தது. மழையில் கழுவி வைத்த மாதிரி சாம்பல் நிறக் கண்கள்... அவை அவளைவிட்டு நகரவில்லை.

"உங்க பேருல இருக்கிறது ஆட்டம் இல்லீங்க... ஆடு."

"என்னது?"

"ஆடு. செம்மறியாடு. ஆட்டைக் குளிப்பாட்டுற பள்ளத்தாக்குன்னு அர்த்தம். எங்க பண்ணையில கீழே ஒரு ஓடை இருக்கு, அந்தப் பள்ளத்துக்கும் இதே பேருதான். எங்க நிலம் ரெண்டு காலோட எதிர்ல வந்து மோதிடுச்சேன்னு சிரிப்பு வந்துடுச்சு."

பத்திரத்தின் மை நீலமாகக் கரைந்து அவன் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பத்திரத்தைப் பதிந்து ஹேசல் தன் பெயரையே மாற்றிக்கொள்ள இருந்தாள். செப்டம்பரில் புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. முதல் நாள் வகுப்பில் போய் நின்று, பலகையில் பெயரை எழுதி, முப்பது பிள்ளைகளும் மேசையில் விழுந்து சிரிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஷெல்டன் என்று ஒரு பெயர் பார்த்து வைத்திருந்தாள். கச்சிதமான, யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்.

எதிரே ஒரு டீக்கடை இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் சொன்ன நேரமும் தாண்டிவிட்டது. 'ஒரு டீ குடித்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது...' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க பேரு வேற மாதிரி இருந்திருக்கு," என்றான் அவன், கோப்பையில் கையைச் சூடுபடுத்திக்கொண்டே. "ஆடு, கழுவுற ஓடை, பள்ளம்... மூணு பழைய சொல்லு. பாதிரியாரும் கணக்குப்பிள்ளையும் காதுல விழுந்தபடி எழுதி எழுதி இப்படி ஆயிடுச்சு. உங்க ஆளுங்க அங்கேதான் எங்கேயோ குடியிருந்திருக்கணும். எங்க ஓடையேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அப்படி நம்பத்தான் பிடிச்சிருக்கு."

"உங்க பேரு என்ன?"

"டெரிக் ஸ்மித்."

ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு... கொல்லன்."

"சிரிங்க, பரவாயில்ல. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான், அதனால ஊரெல்லாம் நாங்கதான். நாட்டுல இதைவிட அதிகமா இருக்கிற பேரே இல்ல. ரோச்டேல்ல மட்டும் டெரிக் ஸ்மித் நாலு பேரு. போன வருஷம் பல் டாக்டர் இன்னொரு டெரிக்கோட அட்டையைப் பார்த்துட்டு என் நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்தாரு. கூப்பிட்டா நான்தானான்னே எனக்குச் சந்தேகம். உங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது."

அவள் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தைப் பார்க்கப் போனாள். கண்காட்சிக்குப் போக வேண்டிய ஆடுகளை டெரிக் ஓடையில் நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். "தலையைப் பிடிச்சுக்கங்க," என்றான். பிடித்தாள். ஆடு உதறிய உதறலில் தலை முதல் கால் வரை நனைந்தாள். பாசி படிந்த கல்லில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டு, மலைச்சரிவைப் பார்த்தாள். இத்தனை நாள் முதுகில் ஒட்டியிருந்த கேலிச் சீட்டு மாதிரி இருந்த பெயர்... இங்கே தண்ணீராகவும் புல்லாகவும் கிடந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா வில்ஃப், பஸ் ஓட்டுகிறவர். பயணிகள் பெயரை வைத்துக் கேலி செய்தால், "ஆமா, இருக்கை ஆடும், கெட்டியா உக்காருங்க," என்று அவரே முந்திக்கொள்வார். அவருக்கு ஒரே மகள். அவருடைய அண்ணன் பிள்ளைகள் எப்போதோ பெயரை ஷா என்று வெட்டிக்கொண்டார்கள். முன்பு டெலிபோன் புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு இருந்த பெயர், இப்போது இரண்டு வரி. மகள் பெயரை மாற்றப்போவதாகச் சொன்ன அன்று அவர், "உன் இஷ்டம் கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு, டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டார்.

இன்று அவர் பள்ளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் எவ்வளவு ஆழம், மரம் உண்டா...

ஆறு ஞாயிறுகள் ஓடின. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. ஏழாவது ஞாயிறு, டெரிக் வீட்டில் மதியச் சாப்பாடு. வறுத்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மேசையைச் சுற்றிக் குடும்பம். டெரிக்கின் அண்ணன் ராய் முள்கரண்டியை நீட்டினான்.

"டேய் டெரிக், கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் இந்தப் பேரைச் சிரிக்காம வாசிக்கணுமே... பாவம், அவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. நல்லவேளை, அன்னியோட அந்தப் பேரு தொலையும்."

மேசை குலுங்கியது. ஹேசல் டெரிக்கைப் பார்த்தாள். அவன் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு... அரைச் சிரிப்புதான். உடனே அணைந்தும்விட்டது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"நீயுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவன் பின்னாலேயே ஓடிவந்தான். "ஹேசல், வாய் தவறிச் சிரிச்சுட்டேன்..."

"ஊர்க்காரங்க சிரிச்சா எனக்குப் பழக்கம் டெரிக். நீ சிரிச்சது பழக்கமில்ல."

மூன்று வாரம் அவன் கடிதங்களை அவள் பிரிக்கவில்லை. நான்காவது வாரம், புதுப் பத்திரத்தோடு வக்கீல் அலுவலகக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே அதே மழை...

உள்ளே இருந்த குமாஸ்தா அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மிஸ்டர் ஸ்மித்?"

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் கைத்தடி வைத்த பெரியவர். மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எழுந்த இன்னொருவனைப் பார்த்ததும் ஹேசல் கையிலிருந்த பத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"டெரிக் ஸ்மித்," என்றாள் குமாஸ்தா. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சரியாப்போச்சு. பேரை மாத்திக்க வந்தது யாரு கண்ணு?"

"நான்தாங்க."

"புதுப் பேரு?"

அப்போதுதான் அவன் ஹேசலைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஷஃபிள்பாட்டம்."

பெரியவர் களுக்கென்று சிரித்தார். ஜன்னலோரம் இருந்த பெண் கைக்குட்டையை வாயில் வைத்தாள். டெரிக் சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில், காது சிவக்க, நிமிர்ந்து நின்றான்.

ஹேசல் எழுந்து அவனருகே போனாள். "என்ன வேலை இது?"

"அன்னிக்கு நான் சிரிச்சேன். ஏன்னா என் பேரை வெச்சு யாரும் எப்பவும் கேலி பண்ணினதில்ல, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "இனிமே ராய் சிரிச்சா தம்பியைப் பார்த்துத்தான் சிரிக்கணும். அதையும் அவன்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? என் பேரு அது."

"மூணு கடிதம் போட்டேன்... கேட்டுத்தான்." அவன் தொப்பியைக் கையில் கசக்கினான். "இந்த நாட்டுல ஒரு ஸ்மித் குறைஞ்சா யாரும் எண்ணிப் பார்க்கப் போறதில்ல. உன் பேரு ஒண்ணு குறைஞ்சா... எனக்குத் தாங்காது ஹேசல். உனக்கு அந்தப் பேரு வேண்டாம்னா வேண்டாம், ஷெல்டனாவே இரு, உன்னைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. முட்டின அன்னியிலேர்ந்து பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கிறியா?"

குமாஸ்தா அம்மா கதவைப் பிடித்தபடியே சாய்ந்து நின்றாள்.

ஹேசலின் கண்கள் நிறைந்துவிட்டன. கையிலிருந்த பத்திரத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"பத்து நிமிஷத்துல எங்கப்பா பஸ் இந்த முனைக்கு வரும்," என்றாள். "அவர்கிட்ட நீயே சொல்லு. மெதுவாச் சொல்லு... ஓட்டிக்கிட்டிருப்பாரு."

"நீ என்ன சொல்றேன்னு இன்னும் சொல்லவே இல்லையே..."

"அதைத்தானே மக்கு இப்பச் சொன்னேன்..."